வாறுகால் பக்கம் திரும்பாதவன்

எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் தாளைக் கிழித்துக் குப்பையில் போடுகிற வழக்கம் இல்லை. திதியும் நட்சத்திரமும் அச்சடித்த தாள் காலில் மிதிபடக் கூடாது என்று ஒரு கிளிப்பில் சேர்த்து வைப்போம். பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அந்தப் பக்கத்தில்தான் நானும் என் மகனும் வருஷா வருஷம் கூடைப்பந்து முதல் மாட்ச்சுக்கு முன்னால் இரண்டு டீமையும் எழுதிப் பார்ப்போம். மேலே பிள்ளையார் சுழி, நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் நம்ம டீம், அந்தப் பக்கம் எதிர் டீம்.

என் மகன் போன கார்த்திகையில் இறந்துபோனான். எட்டு நாள் காய்ச்சல். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். அதற்கு மேல் அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அதன் பிறகு ஒன்று உண்டு, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்தில் வீட்டு முன்னால் பந்து தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கும். தட், தட், ஒரு நிறுத்தம், மறுபடி தட். எழுந்துபோய்ப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். என் வீட்டுக்காரியிடம் நான் அதைச் சொன்னதில்லை. அவள் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டு நிற்பாள். நான் திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இந்த ஆடியில் ஒரு திங்கட்கிழமை அவன் டீமின் கேப்டன் வீட்டுக்கு வந்தான். பள்ளிக்கூடத்திலிருந்தே என் மகனோடு சேர்ந்து கூடைப்பந்து ஆடிய பையன். நேரே உள்ளே போய் அவன் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். வீட்டுக்காரி காபி கொடுத்தாள். டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

"குடிடே, ஆறிப்போகும்" என்றேன்.

"மாமா, வெள்ளிக்கிழம முதல் மாட்ச்சு. சேரன்மகாதேவி ரோட்டு காலேஜ்கூட, நம்ம கோர்ட்டுல."

"சரி."

"தாளு எழுதித் தரணும் மாமா."

வீட்டுக்காரி அடுப்படிக்குள் போய்விட்டாள். பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது.

"எனக்கு என்னடே தெரியும்? நான் பாத்திரக்கடையில நிக்கவன்."

"நீங்க எழுதுன தாளு ஒரு வருஷமும் தப்பினதில்ல. பி.டி. சாரே கேக்காரு. இல்லன்னா நான்தான் எழுதணும். என் கையெழுத்து எனக்கே வெளங்காது."

சிரிக்கப் பார்த்தான். முழுசாக வரவில்லை. நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போகும்போது, "இந்த வருஷம் அவனோட எடத்துல ஆடுத பையனுக்குத் திருவோணம் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

தாளை ஏன் என்னிடம் கேட்டான், நட்சத்திரத்தை ஏன் சொன்னான் என்று சொல்ல வேண்டும். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். டவுனில் ஒரு பாத்திரக்கடையில் வேலை. பந்தை நான் கையால் தொட்டதே இல்லை. மகனை பிராக்டீஸ் முடிந்து கூட்டிவர மொபெட்டில் போவேன். முடிகிறவரை படியில் உட்கார்ந்து பார்ப்பேன். கடையில் ஒரு தவலையை எடுத்து வெளிச்சத்தில் ஒரு சுற்று சுற்றினால் எங்கே நெளிசல் என்று என் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்தக் கண்தான் இங்கேயும். எந்தப் பையன் மூச்சு வாங்குகிறான், எவன் பந்து வருமுன்னே பயப்படுகிறான் என்று சொல்லுவேன். மகன் அதைத் தாளில் எழுதச் சொல்லுவான். "எங்க அப்பா கண்ணு தராசுல்லா" என்று கூட்டாளிகளிடம் பெருமை பேசுவான்.

என் பங்குக்கு நான் ஒன்று செய்வேன். மாட்ச் வருகிற வாரம் செவ்வாய்க்கிழமை, தெருமுனைப் பிள்ளையாருக்கு ஐந்து பையன்கள் பேரிலும் அர்ச்சனை. ரோகிணி, உத்திரம், சுவாதி, அனுஷம், அவிட்டம். பேரும் நட்சத்திரமுமாக ஒரே மூச்சில் சொல்லுவேன். நடுவில் இருக்கிற சுவாதி என் மகன்.

துக்கம் நடந்த வீட்டில் வருஷம் திரும்புகிறவரை எங்கள் பேருக்கு அர்ச்சனை கிடையாது. நின்று கும்பிட்டு வரலாம், அவ்வளவுதான். ஆனால் பிறத்தியார் பிள்ளைகளுக்குக் கேட்பதில் என்ன என்று மறுநாள் காலையில் தேங்காய் பழம் வாங்கிக்கொண்டு போனேன். பட்டர் தட்டை வாங்கினார். நான் சொன்னேன். அவர் உள்ளே போனார். மணி அடித்து நின்றபிறகுதான் எனக்கு உறைத்தது. திருவோணம் என்று சொல்லவில்லை. சுவாதி என்றுதான் சொல்லியிருக்கிறேன், என் மகன் பேரோடு.

பட்டர் வெளியே வந்தார். அவருக்கு எல்லாம் தெரியும், சாவுக்கு வந்தவர்.

"சாமி, வாய் தவறிட்டே. ஆயுள் ஆரோக்கியம்லா கேட்டுட்டோம்."

"பழக்கம் அண்ணாச்சி. நானும் கவனிக்காம சொல்லிட்டேன்." திருநீற்றை என் கையில் போட்டார். "கேட்டது கேட்டாச்சு. பைய வீட்டுக்குப் போங்க."

அமாவாசைக்கு அமாவாசை ஆற்றில் இறங்கி எள்ளும் தண்ணீரும் இறைக்கிறேன், என் மகனுக்கு. அதே கையால் அவனுக்கு நீண்ட ஆயுள் கேட்டுவிட்டேன். கடையில் அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு அம்மாள் குத்துவிளக்குக் கேட்டதற்குக் குடத்தை எடுத்து வைத்தேன். சாயங்காலம் முதலாளியிடம் சொல்லிவிட்டு சேரன்மகாதேவி பஸ்ஸில் ஏறினேன். தாள் எழுதவா போனேன், வீட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்கப் பயந்து போனேனா என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியாது.

அந்தக் கல்லூரிக் கோர்ட்டுக்கு மேற்கே இரண்டு மாடிக் கட்டடம். அதைத் தாண்டிக் காற்று வருவதில்லை. எங்கள் பையன்கள் ஆடுவது வெட்டவெளிக் கோர்ட்டு. ஆடியில் மேல்காற்று அடித்தால் பந்து ரிங்குக்கு ஒரு முழம் தள்ளிப் போகும். அதை முதலில் மனதில் குறித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். எல்லாரும் உயரமான பையன்கள். இரண்டு பேர் ரிங்கைத் தொட்டுவிடுவார்கள் போல இருந்தது. ஆனால் ஒருத்தனோடு ஒருத்தன் பேசவில்லை. நம் பையன்கள் ஆடினால் சந்தைக்கடை மாதிரி இருக்கும், "லே இங்கன", "லே பின்னால பாரு" என்று. இவர்கள் கண்ணால்கூடப் பார்த்துக்கொள்ளவில்லை.

அப்போது பத்தொன்பதாம் நம்பர் பையன் ஃப்ரீ த்ரோ போட வந்தான்.

முகம் என் மகன் முகம் இல்லை. நிறமும் வேறு, உயரம் இரண்டு விரல்கடை கூடுதல். வந்து நின்றவன் குனிந்து இடது காலைத் தூக்கி ஷூவின் அடியை வலது கையால் ஒரு துடைப்புத் துடைத்தான். பந்தைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினான். இரண்டு தரம் தரையில் தட்டி, நிறுத்தி, மறுபடி தட்டினான். என் மகன் அதற்குப் பிறகு நெற்றித் திருநீற்றைத் தொட்டுக்கொள்ளுவான். இந்தப் பையன் சிலுவை போட்டுக்கொண்டான். அது ஒன்றுதான் வேறு. மற்றது முச்சூடும் அவன்.

காலையில் பேர் சொல்லிக் கூப்பிட்டோமே, வந்துவிட்டானா?

ஆட்டம் மறுபடி தொடங்கியது. அவன் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தான். எதிரே ஒருத்தன் மறித்தான். இவன் வலது தோளைச் சாய்த்தான். இவன் வலது பக்கம் போகிறான் என்று நினைத்து மறித்தவன் நகர்ந்தான். இவன் இடது பக்கமாகப் புகுந்து பந்தைப் போட்டுவிட்டான். அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

இதற்குக் காரணம் இந்த உலகத்தில் எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் வீடு ஒரு முடுக்குக்குள், குறுகலான சந்துக்குள் இருக்கிறது. முடுக்கின் வலது ஓரமாக மூடியில்லாத வாறுகால். தெருச் சாக்கடைத் தண்ணீர் எல்லாம் அதில்தான் ஓடும். சின்ன வயதில் என் மகன் பந்து தட்டிப் பழகினது அந்த முடுக்கில். பந்து வாறுகாலில் விழுந்தால் அவன் அம்மா பந்தையும் அவனையும் வீட்டுக்குள் விடமாட்டாள். அதனால் இடது பக்கம்தான் திரும்புவான். வளர்ந்து சிமெண்டுக் கோர்ட்டுக்குப் போன பிறகும் அப்படித்தான். வலது தோளைச் சாய்த்து ஏமாற்றுவான், வலது பக்கம் போகமாட்டான். ஒருநாளும் போனதில்லை. நான் அதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது என் வாயைப் பொத்தினான். "யப்பா, யாருகிட்டயும் சொல்லிராதிய. தாளுல கூட எழுதக் கூடாது" என்றான்.

வாறுகாலே இல்லாத இடத்தில் இந்தப் பையன் வாறுகாலுக்குப் பயந்து ஆடிக்கொண்டிருந்தான்.

பிராக்டீஸ் முடிந்து நான் இருந்த மரத்தடிக் குழாய்க்குத் தண்ணீர் குடிக்க வந்தான். பேச வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

"உனக்கு எந்த ஊருப்பா?"

"புன்னக்காயல் ஐயா. ஃபர்ஸ்ட் இயர்."

"இந்தக் காலத் தொடைக்கது யாரு சொல்லித் தந்தா?"

சிரித்துவிட்டான். "பாத்தியளா? பாளையங்கோட்டையில கோடை லீவுக்கு கேம்ப்பு நடந்திச்சு. அங்கன ஒரு அண்ணன் வருவாரு. ரெண்டு லீவும் அவரு பின்னாலயே திரிஞ்சேன். அவரு துப்புனா நானும் துப்புவேன். 'ஏலே, என் நெழலு கூட இந்தப் பாடு படுத்தாதுலே'ன்னு ஏசுவாரு."

"எடப்பக்கமே போறியே?"

"அவரு அப்படித்தான் போவாரு."

"ஏன்னு கேட்டியா?"

"கேக்கல்லயே." வாயைத் துடைத்துக்கொண்டான். "வெள்ளிக்கிழம கேட்டுர வேண்டியதுதான். அவரு எதிர் டீமு. நான் காலேஜ்ல சேந்ததே அவருக்குத் தெரியாது. என்கிட்ட அப்ப போனு கிடையாது. கோர்ட்டுல நேரா போய் முன்னால நிக்கணும், அவரு முழிக்கத பாக்கணும். அதான் திட்டம்." பிறகு என்னைப் பார்த்தான். "நீங்க யாரு ஐயா?"

"சும்மா பாக்க வந்தேன்" என்றேன்.

சொல்லியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. முடியவில்லை என்பதுகூடப் பொய். மனசு இல்லை. ஊரில் எல்லாருக்கும் செத்துப்போன என் மகன், இந்த ஒருத்தன் மனதில் வெள்ளிக்கிழமை ஆட வரப்போகிறான். அதை நான் ஏன் என் வாயால் கெடுக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரியிடம் எல்லாம் சொன்னேன். அர்ச்சனையில் வாய் தவறினதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவன்ட்ட சொன்னியளா?"

"இல்ல."

"சொல்லாண்டாம். வெள்ளிக்கிழம வரைக்கும் இருக்கட்டும்" என்றாள்.

புதன்கிழமை அன்றைய தாளைக் கிழித்துப் பின்பக்கம் பிள்ளையார் சுழி போட்டேன். நம்ம டீம்: குட்டை. மூணு பேர் பள்ளிக்கூடத்திலிருந்து ஒண்ணா ஆடுறவங்க, பாக்காமலே பந்து குடுப்பாங்க. கடைசிப் பத்து நிமிஷம் மூச்சு வாங்கும். காத்து தெரியும். எதிர் டீம்: உயரம், வேகம். பேச்சு இல்லை. காத்துல ஆடிப் பழக்கம் இல்லை, தூரத்திலிருந்து போட விடலாம், உள்ளே விடக் கூடாது. முதல் பாதி நாம மேற்கு ரிங்குக்குப் போடணும், காத்து ஏறுமுன்னே. இப்படி ஒவ்வொருத்தனாக எழுதினேன். பத்தொன்பது என்று எழுதி அதற்கு நேரே ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடிவிட்டேன்.

வியாழக்கிழமை கேப்டன் வந்து தாளை வாங்கி வாசித்தான். வாசித்து முடித்தும் தலையைத் தூக்கவில்லை.

"பத்தொம்பதுக்கு நேரா ஒண்ணும் இல்லியே மாமா."

நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அவனே சொன்னான்:

"ஞாயித்துக்கிழமையே நான் போய் அவனப் பாத்துட்டேன். பஸ்ஸுல வரும்போது அழுதுட்டே வந்தேன், கண்டக்டரு என்னமோ ஏதோன்னு பயந்துட்டாரு. அதுக்கப்புறந்தான் உங்ககிட்ட வந்தேன். நீங்க பாக்கணும்னு தோணிச்சு. எப்படிச் சொல்லன்னு தெரியல்ல. தாளுன்னு சொன்னா போவியன்னு..."

எட்டு மாதமாக அந்தப் பையன் என் முன்னால் அழுததில்லை. அன்றும் அழவில்லை. தாளை நாலாக மடித்தான், பிரித்தான்.

"நீங்க சொல்லுங்க மாமா. நான் அவன எடப்பக்கம் அடைக்கவா, விடவா?"

இப்படி நேராகக் கேட்டால் என்ன சொல்வது? அடைத்தால் அவன் வேறு பக்கம் போகப் பழகிவிடுவான். ஒரு மாட்ச், இரண்டு மாட்ச், அப்புறம் அந்தக் காலில் என் மகன் இருக்கமாட்டான். விட்டால், தோற்றாலும் பரவாயில்லை, அந்த ஓட்டம் இன்னும் மூன்று வருஷம் இந்தக் கோர்ட்டுகளில் ஓடிக்கொண்டிருக்கும். நான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். போதாததற்கு, எழுதாதே என்று அவன் என் வாயைப் பொத்தியிருக்கிறான்.

"அவன் உசுரோட இருந்து, எதிர் டீம்ல ஆடியிருந்தா விட்டுருப்பியாடே?" என்று கேட்டேன்.

"நானா? பிராக்டீஸ்லயே அடைச்சு அடைச்சு அவன்ட்ட ஏச்சு வாங்கினவன்லா நான்."

"அப்ப அவனுக்குச் செஞ்சதத்தான் இவனுக்கும் செய்யணும்."

தாளை வாங்கினேன். அடுப்படி வாசலில் வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்க்காமல் எழுதினேன்: வலது தோளை நம்பாதே. இடது பக்கம்தான் வருவான். பிள்ளையார் சுழி போட்ட தாளில் மகனுக்குக் கொடுத்த வாக்கை மீறினேன்.

வெள்ளிக்கிழமை மண்ணை வாரி இறைக்கிற காற்று. இரண்டு டீமும் வரிசையாக நின்றபோது அந்தப் பையன் எங்கள் பெஞ்சை ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். மறுபடி முதலிலிருந்து பார்த்தான். பிறகு வாசல் கேட்டுப் பக்கம் பார்த்தான், யாரோ பிந்தி வருகிற மாதிரி. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

முதல் பாதியில் கேப்டன் அவனை நாலு தடவை இடது பக்கம் மறித்துப் பந்தைத் தட்டிப் பறித்தான். நாலாவது தடவை பையன் தன் காலையே குனிந்து பார்த்தான், அது தன்னுடையதுதானா என்கிற மாதிரி.

இரண்டாம் பாதியில் மறுபடி பந்தோடு வந்தான். வலது தோளைச் சாய்த்தான். கேப்டன் இடது பக்கம் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தான். பையன் ஒரு கண்மூடித் திறக்கிற நேரம் நின்றான். பிறகு வலது பக்கம் போனான். யாரும் இல்லாத அந்தப் பக்கமாக நேரே போய் பந்தை ரிங்குக்குள் போட்டுவிட்டு வந்தான்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். வாறுகால் பக்கம் போய்விட்டான். பக்கத்தில் இருந்தவர்கள் எதிர் டீமுக்குக் கை தட்டுகிறேன் என்று நினைத்து, "என்ன அண்ணாச்சி, கட்சி மாறிட்டேரா?" என்று சிரித்தார்கள். நான் கை தட்டவில்லை. இரண்டு கையும் தானாகச் சேர்ந்திருந்தது. நடமாடிக்கொண்டிருந்த என் மகன் அந்தப் பையனை விட்டு இறங்கிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். கார்த்திகையில் ஒரு தரம், இப்போது இரண்டாம் தரம்.

இரண்டு புள்ளி வித்தியாசத்தில் எங்கள் பையன்கள் ஜெயித்தார்கள். கடைசியில் எதிர் டீம் தூரத்திலிருந்து போட்டதையெல்லாம் காற்று தள்ளிவிட்டது. தாள் தப்பவில்லை.

முடிந்ததும் அந்தப் பையன் நேரே என்னிடம் வந்தான். "ஐயா, நீங்க அன்னைக்கு வந்தவியதானே? இந்த டீம்ல ஒரு அண்ணன்... இன்னைக்கு வரல்லியா?"

கேப்டன் என் பக்கத்தில் வந்து நின்றான். இனி ஒளிக்க ஒன்றும் இல்லை.

"அவன் என் மகன்தான்பா. கார்த்திகையில காய்ச்சல் வந்து போயிட்டான். அன்னைக்கே சொல்லியிருக்கணும். எனக்கு மனசு வரல்ல."

அவன் வியர்வையா கண்ணீரா தெரியாமல் பனியனைத் தூக்கி முகத்தைத் துடைத்தான். பிறகு, "வலப்பக்கம் போனதுக்கு ஏசியிருப்பாரா ஐயா?" என்று கேட்டான்.

"ஏசமாட்டான். எப்படிலே போனன்னு கேட்டிருப்பான்."

முடுக்கையும் வாறுகாலையும் அவனுக்குச் சொன்னேன். சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். கேப்டன் அவன் பிடரியில் கை வைத்துக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். கேப்டனும் அழுதான், நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆடி அமாவாசை. ஆற்றில் கூட்டத்தோடு இறங்கி எள்ளும் தண்ணீரும் விட்டேன். எழுதாதே என்றதை எழுதிவிட்டேன், பொறுத்துக்கோ என்று சொன்னேன். அடுத்த மாட்ச்சுக்காகச் செவ்வாய்க்கிழமை பிள்ளையார் கோயிலில் தட்டைக் கொடுத்தேன். ரோகிணி, உத்திரம் என்று சொல்லி நின்றேன். பட்டர் காத்திருந்தார். திருவோணம் என்றேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரி விளக்கேற்றினாள். நான் திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்தேன். முடுக்கில் யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். அப்புறம் தட், தட் என்று ஒரு சத்தமும் இல்லை. அவள் திரியைத் தூண்டிவிட்டு, வாசலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"வெள்ளிக்கிழமையில இருந்து கேக்கல்ல, இல்லியா?"